கொண்டார்ப் பெரியவரின் கடிதமும் ஒரு கையெழுத்தும்

உ
சிவமயம்

நோர்த்மீட், சிட்னி
18-6-1975, புதன்கிழமை

அன்பு மகன் சிவபாலனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் குடும்பமும் முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே எதியோப்பியாவில் கொண்டார் மலைக்குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனையை எடுத்தேன். எழுதுவது நான் என்றாலும் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு அம்மா வரிக்கு வரி திருத்தம் சொல்லுகிறாள், எங்கேயாவது குழப்பம் இருந்தால் அது அவளுடையது. இங்கே ஆனி மாதம் என்றால் நல்ல குளிர், விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் மாக்கோலம் போட்டதுபோல் வெள்ளையாய்க் கிடக்கிறது. அண்ணன் வரதராஜா ஒரு ஹீட்டர் வாங்கி வந்தான், உன் அம்மா அதற்கு முன்னால் இருந்தாளென்றால் எழுப்புவது பெரும்பாடு. அண்ணி யோகா பிளாக்டவுனில் ஒரு லெபனான்காரர் கடையைக் கண்டுபிடித்துவிட்டாள், மைசூர்ப் பருப்பு, மல்லி, சீரகம் எல்லாம் அங்கே இருக்கிறது, ஆகவே நாங்கள் பாணும் ஜாமும் தின்று மெலிகிறோம் என்று இனி நீ கவலைப்படத் தேவையில்லை. என் முழங்கால் உளைவு கொஞ்சம் இருக்கிறது, அது சனிக்கிழமை நான் பார்த்த வேலையால் வந்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீ மாசி மாதம் எழுதிய கடிதம், உன்னோடு படிப்பிக்கும் குரியன் மாஸ்டர் லீவில் கேரளத்துக்கு வந்தபோது கொச்சியில் தபாலில் போட்டு, மே மாதம் நடுவில்தான் எங்கள் கைக்குக் கிடைத்தது. அரசரை இறக்கிய பிறகு எதியோப்பியாவில் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள், அதனால்தான் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். முப்பத்துநாலு வருஷம் தபாற்கந்தோரில் இருந்தவனுக்கு இதை வாசிக்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அடுத்தவர் கடிதத்தை உடைக்கிற கை விளங்குமா? சரி, அது போகட்டும். உன் கடிதத்துக்குள்ளே அரக்கு வைத்து ஒட்டிய இன்னொரு கடிதம் இருந்தது. நீ போய்வருகிற அந்த மலையடிக் கிராமத்தின் பூசாரியார், இசாக் என்ற பெரியவர், சொல்லச் சொல்ல நீ இங்கிலீசில் எழுதிக் கொடுத்தது. மேலே விலாசம் என்ன? ‘சிட்னியில் இருக்கும் எங்கள் சகோதரர்களான இஸ்ரவேலருக்கு.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை. அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். இப்படி வந்த கடிதங்களை நான் சுன்னாகம் தபாற்கந்தோரில் ‘விலாசம் போதாது’ என்று சிவப்பு மையால் எழுதி எத்தனை தரம் ஒதுக்கியிருப்பேன், இப்போது என் சொந்த மகன் எனக்கே ஒன்று அனுப்பி வைத்திருக்கிறான்.

அந்தச் சனத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். ஊரார் அவர்களை அந்நியர் என்று கருத்துப்படப் பலாசா என்று சொல்ல, அவர்கள் தங்களைப் பேத்தா இஸ்ரேல், இஸ்ரவேல் வீட்டார், என்று சொல்லிக்கொள்வதும், எத்தனையோ தலைமுறைக்கு முன் எருசலேமிலிருந்து வந்த யூதர்கள் நாங்கள் என்று நம்புவதும், இரும்படித்தும் மண்பானை வனைந்தும் பிழைப்பதும், உழுகிற காணி இன்னொருவருடையதாய் இருப்பதும், வருஷத்தில் ஒரு நாள் விரதமிருந்து மலை ஏறி எப்போது எங்களை ஊருக்குக் கூப்பிடுவாய் என்று கடவுளைக் கேட்பதும், எல்லாம் வாசித்தேன். பிற சனம் தொட்டால் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள், மாதத் துடக்குக்குப் புறம்பாய் ஒரு குடில் உண்டு என்ற இடத்தில் அம்மா நிமிர்ந்து, இதென்னப்பா எங்கட ஆக்களைப் போலத்தானே இருக்கினம், தம்பி பயமில்லாத இடத்திலதான் இருக்கிறான் என்றாள். அவர்கள் இரும்பு வேலை செய்கிறார்கள் என்று அங்கே ஒதுக்கி வைக்கிறார்களாம், அதற்கு நான் ஒன்றும் பெரிய மனிதனாய்ப் பேச வரவில்லை, எங்கள் ஊரில் நாங்களும் கொல்லனையும் மற்றவனையும் எங்கே நிறுத்தி வைத்தோம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் கடைசி வரியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. பெரியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இதற்கு ஒரு பதில் வரும்வரை நான் கொண்டாரை விட்டு அசையமாட்டேன், சிட்னிக்கு வா வா என்று எழுதாதீர்கள் என்று எழுதியிருந்தாயே, அதன் பிறகு உன் அம்மா மூன்று நாள் வாய் திறக்கவில்லை. உனக்குத் தெரியும்தானே, அவள் பேசினால் பயமில்லை, பேசாவிட்டால்தான் பயம். மேல் வகுப்புகளை மூடி மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய், பிறகு அங்கே யாருக்குக் கணக்குப் படிப்பிக்கிறாய்?

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தது அந்தப் பெரியவருக்காக இல்லை, உனக்காக. பதில் கிடைத்தால் பிள்ளை வருவான், அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு மாதம் விசாரித்தேன். வரதராஜாவோடு ரயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் தெரியவில்லை, கடைசியில் என் பல்லுக் கட்டிய டொக்டர்தான் பரமட்டாப் பக்கம் யூதர்களுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, சனிக்கிழமை காலையில் போனால் எல்லோரையும் ஒரே இடத்தில் காணலாம் என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று கடந்த சனிக்கிழமை ராகு காலம் கழியட்டும் என்று பத்தரை வரை பொறுத்திருந்து, திருநீறு பூசி, கோட்டுப் போட்டு, பஸ்ஸில் வெளிக்கிட்டேன். வெளிக்கிட முதல் ஒரு காரியம் செய்தேன். பதிவுத் தபாலுக்குக் கொடுக்கிறதுபோல, இன்னார் எழுதிய கடிதம் இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது, கையொப்பம், திகதி என்று கோடு போட்டு ஒரு பற்றுத் துண்டு எழுதி உள்பையில் வைத்துக்கொண்டேன். கையொப்பம் இல்லாமல் ஒரு பதிவுக் கடிதமும் என் கையை விட்டுப் போனதில்லை, இனியும் போகாது. அம்மா வாசலில் நின்று, கொஞ்சம் பொறுங்கோப்பா, தம்பி எழுதினவனல்லோ அந்தச் சனம் சனிக்கிழமையில அடுப்பும் மூட்டாதாம் எண்டு, இவையும் அப்பிடியோ தெரியாது என்றாள். அது அபிசீனியாவில், இது சிட்னி என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் சொன்னது சரியென்று நான் இங்கே எழுதவேண்டுமாம், எழுதிவிட்டேன்.

கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை, ஓடு போட்ட ஒரு வீடு. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேஸ் காலுறையோடு உள்ளே போனேன், அங்கே எல்லோரும் சப்பாத்தோடு நிற்கிறார்கள், ஆனால் என் வெறுந்தலையைக் கண்டதும் ஒருவர் ஓடிவந்து சின்னத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்துவிட்டார். ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்ததும் ஆகவும் வயதானவர் யாரென்று பார்த்தேன். மிஸ்டர் ஹெர்ஷ் என்று ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கும், கட்டை மனிதர், ஹங்கேரி நாட்டிலிருந்து யுத்தத்துக்குப் பிறகு வந்து சப்பாத்துத் திருத்துகிற கடை வைத்திருந்தவராம். வணக்கம் சொல்லிக் கடிதத்தையும் துண்டையும் பேனையையும் ஒன்றாய் நீட்டினேன். மனிதர் விலாசத்தை வாசித்தார், உடனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று, கறுத்த மனிதன் கொண்டுவந்த கடிதம் என்றுதான் வாங்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவரோ மெல்லமாய், இண்டைக்கு ஓய்வுநாள் ஐயா, பேனை பிடிக்கமாட்டம், உறை கிழிக்கமாட்டம், உந்த மேசையில வைச்சிட்டுப் போங்கோ, நாளைக்குப் பார்க்கிறன் என்றார். கையொப்பம் இல்லாமல் வைக்கமாட்டேன் என்றேன். வெள்ளி காணாமல் கையொப்பம் வைக்கமாட்டேன் என்றார். பொழுதுபட்டு வானத்தில் மூன்று வெள்ளி கண்டால்தான் அவர்களுக்கு ஓய்வுநாள் முடியுமாம். சுற்றி நின்ற இளம் ஆட்கள் சிரித்தார்கள், ஒருவன் நாளைக்கு வாருங்கள் என்றான். நாளைக்கு வரலாம்தான், ஆனால் அந்தக் கடிதத்தைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, ஒரு மாதம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது போதாதா, அம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? இருக்கிறேன் என்றேன். ஹெர்ஷ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கட ஆக்களை விட மோசம் என்று சொல்லித் தன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். இருபது நிமிஷ நடை, முழங்கால் உளைவு அங்கேதான் தொடங்கியது.

தனி ஆள், சின்ன வீடு. வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றிய இறைச்சிக்கறிச் சட்டி சூட்டோடு இருந்தது, நான் சைவம் என்றதும் பாணும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் தோடம்பழமும் தந்தார். வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லவேண்டுமே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் தொடமாட்டன், நீங்கள் எடுக்கலாம் என்றார். எடுக்க எனக்குக் கை வரவில்லை, அவர் தொடாத ஒன்றை அவர் வீட்டில் நான் தொடுவதா, வெள்ளி காணட்டும், பிறகு சொல்வோம் என்று இருந்துவிட்டேன். இந்த இடத்தில் அம்மா எழுதச் சொல்லுகிறாள், அது ஒரு விசர் யோசனை என்று. இருக்கட்டும். பிறகு அந்தச் சனத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மனிதர் முதலில் பிடி கொடுக்கவில்லை, அங்கங்கே எத்தனையோ பேர் நாங்களும் யூதர் எண்டு சொல்லுவினம், ஆளுக்கொரு கதை இருக்கும் என்றார். நியாயம்தானே, அவருக்கு என்ன தெரியும்? நான் ஓலைச்சுவடியும் கல்வெட்டுமா கொண்டுபோனேன், உன் கடிதங்கள்தானே என்னிடம் உண்டு. அதில் ஒன்று ஞாபகம் வந்தது. தண்ணீர்ப் பானை ஒன்றுக்குச் சொல்லிவைத்து அதை எடுக்க ஆறு மைல் நடந்து போனாயே, வனைந்த மனுஷி அன்று சனிக்கிழமை என்று பானையை மூலையில் காட்டிவிட்டு எடுத்துத் தரமாட்டேன் என்றாளாம், வெறுங்கையோடு ஆறு மைல் திரும்பி நடந்தேன் என்று எழுதியிருந்தாய். அதைச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, தகப்பனும் மகனும் ஒரே பிழையை இரண்டு கண்டத்தில் விட்டிருக்கிறோம். ஹெர்ஷ் சிரிக்கவில்லை. அந்த மனுஷி வேறு என்ன சொன்னவள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் மட்டும் தந்தாளாம் என்றேன். ஓம், ஓம் என்று தலையை ஆட்டினார். பிறகு அவராகவே சொன்னார், யுத்தத்துக்கு முன் அவர் வீட்டில் பெரியம்மா சித்தப்பா பிள்ளைகள் என்று நாற்பத்தொரு பேர், யுத்தம் முடிந்து எண்ணிப் பார்க்க அவர் ஒருவர்தான். முப்பது வருஷமாய் எனக்குக் கடிதமெண்டால் அரசாங்கக் கந்தோர்களிலயிருந்துதான் வரும், சகோதரன் எண்டு எழுதி ஒண்டும் வந்ததில்லை என்றார். நான் இன்னொரு தோடம்பழம் உரித்து அவர் பக்கம் வைத்தேன்.

ஐந்து மணி கழிய இரண்டு பேரும் பின்வளவில் போய் நின்றோம். குளிர் காது வழியே ஏறுகிறது. மனிதருக்குக் கண்ணில் படலம், நான்தான் வெள்ளி எண்ணிக் கொடுக்கவேண்டியிருந்தது. முதலாவது உடனே வந்தது. இரண்டாவது பக்கத்து வீட்டு ரீவி அன்ரனாவுக்கு மேலே. மூன்றாவது வரமாட்டேன் என்று முகிலுக்குள் ஒளித்துக்கொண்டது, வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து கடைசியில் யூக்கலிப்டஸ் மரத்துக் கொப்புக்குள் பிடித்துவிட்டேன். அந்தா என்று கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் குலைக்கத் தொடங்கிவிட்டது. அவர் உள்ளே போய் மெழுகுதிரி கொளுத்தி ஏதோ ஓதி, கராம்பு நிறைத்த சின்னப் பெட்டி ஒன்றை மணந்துவிட்டு எனக்கும் மணக்கத் தந்தார். பிறகு கையைக் கழுவி மேசையில் இருந்து, எங்கே உங்கட துண்டு என்றார். கையொப்பம் வைத்தார். நான் கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தேன், அவர் அரக்கை உடைத்து உரத்து வாசித்தார். நீதானே எழுதியது, உனக்கு அதில் உள்ளது தெரியும், எனக்கு அப்போதுதான் தெரியும். நாங்கள் காசு கேட்கவில்லை, உடுப்புக் கேட்கவில்லை, எங்கள் பிள்ளைகள் எங்களைக் கேட்கிற கேள்விக்குப் பதில்தான் கேட்கிறோம், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா, ஒரு காலத்தில் எங்கள் முன்னோர் உலகத்தில் மிஞ்சிய இஸ்ரவேலர் தாங்கள் மட்டும்தான் என்று நினைத்து அழுதார்கள் என்ற இடத்தில் ஹெர்ஷ் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். நானும்தான் அப்பிடி நினைச்சுக்கொண்டிருந்தனான் என்றார். மகனே, நான் அழுதேன். உனக்காக வந்தவன் உன்னை மறந்துவிட்டு அந்த முகம் தெரியாத பூசாரியாருக்காகவும் இந்தச் சப்பாத்துக்காரருக்காகவும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த அழுகையில் ரெலிபோன் எடுக்க மறந்தே போனேன், வீட்டுக்கு வந்தபோது நடந்ததை ஏன் கேட்கிறாய். வரதராஜா காரை எடுத்துக்கொண்டு பரமட்டா முழுக்கத் தேடியிருக்கிறான், யோகா பொலிசுக்குச் சொல்லுவோமா என்று நிற்கிறாள், அம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் உயிரோடதான் வந்திருக்கிறியளோ என்று தொடங்கியவள் திங்கட்கிழமை வரை நிறுத்தவில்லை. ஆனால் திங்கள் பின்னேரம் ஹெர்ஷ் பஸ் ஏறித் தானே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், அத்தோடு அவள் அடங்கினாள். அவர்கள் ஆசாரப்படி எங்கள் கோப்பையில் சாப்பிடமாட்டார், கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணியும் ஒரு வாழைப்பழமும் போதும் என்றார். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தால், அவளோ புதுக் கிளாஸ் ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, ஒழுக்கமான மனுசன் என்று எனக்குச் சான்றிதழ் தருகிறாள். அவர் கொண்டுவந்த பதில் இதோடு இருக்கிறது. அதில் ஒரு பத்திரிகைத் துண்டும் வைத்திருக்கிறார், அதை நீ பெரியவருக்கு வடிவாய் விளங்கப்படுத்த வேண்டும். பேத்தா இஸ்ரேல் சனமும் யூதர்தான், அவர்களும் இஸ்ரேலுக்கு உரித்தோடு வரலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் ஏப்ரல் மாதம் ஒப்புக்கொண்டுவிட்டதாம். பெரியவர் இந்தக் கடிதத்தைச் சொல்லி எழுதுவித்து இரண்டு மாதத்தில் அவர் கேட்டதற்குப் பதில் ஆகிவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. வரலாம் என்று இவர்கள் சொல்வது ஒன்று, போக அங்கே விடுவார்களா என்பது இன்னொன்று, அது கனகாலம் எடுக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்லு. ஆனால் நாங்கள் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா என்றுதானே கேட்டார், தெரியும் என்று சொல்லு. பதிலில் ஹெர்ஷ் முதலாவதாய் எழுதிய சொல் சகோதரனே என்பது. கீழே தன் முழு விலாசமும், வீட்டு இலக்கம் முதல் எல்லாம், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அது நான் சொல்லி எழுதியது.

இந்தக் கடிதக் கட்டை நான் கொச்சிக்குக் குரியன் மாஸ்டர் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், ஜூலை முடிவில் திரும்பும்போது அவர் உன் கையில் தருவார். வழியில் ஒன்றும் உடைபடாது. இனி நான் சொல்வதைக் கவனமாய்க் கேள். உள்ளே இரண்டு பற்றுத் துண்டு இருக்கிறது. ஒன்று ஹெர்ஷ் கையொப்பம் வைத்தது, அதைப் பெரியவருக்குக் காட்டு, கடிதம் சேர்ந்தது என்று அவர் அறியவேண்டும். மற்றது வெறுமையாய் இருக்கிறது, பதிலைக் கொடுக்கும்போது அதில் பெரியவரிடம் கையொப்பம் வாங்கு, எழுதத் தெரியாவிட்டால் பெருவிரல் போதும். அவருக்குக் கை படக்கூடாது என்றால் பதிலை ஒரு கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நில், அவர் எடுக்கட்டும். அவர் தண்ணீர் தந்தால் குடி. நீ கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது, மகனே, நல்ல வாக்குத்தான் கொடுத்தாய், அந்தக் கடைசி வரியை வாசித்த அன்று உன்னில் கோபப்பட்டது என் பிழை. அவர்கள் தங்கள் ஊருக்குப் போக இன்னும் எத்தனை வருஷமோ நானறியேன், உனக்கு ஒரு விமான ரிக்கற்தான் தேவை, அதை அண்ணன் பார்த்துக்கொள்வான், பின் அறையில் உன் கட்டில் போட்டாயிற்று, அம்மா ஒவ்வொரு நாளும் அதற்கு விரிப்பு மாற்றுகிறாள், ஒருவரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு விரிப்பு மாற்றுகிறாய் என்று கேட்டால் என்னை முறைக்கிறாள்.

எங்கள் இருவரின் ஆசியும் முருகன் துணையும் உன்னோடு எப்போதும் இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கிராமத்துக்குச் சனிக்கிழமை மட்டும் போய் நிற்காதே, நாங்கள் இரண்டு பேரும் பட்டது போதும். பெரியவர் கையொப்பம் வைத்த அந்தத் துண்டை எனக்குத் தபாலில் அனுப்பவேண்டாம், நான் ஏற்கமாட்டேன். அதை நீயே கையில் கொண்டுவந்து தரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. அரியரத்தினம்
(ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்)